அளவு அக்கா வீட்டுக்குத் தைத்த சட்டை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஏசி மெக்கானிக்குக் கோடைக்காலத்தில் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஊரெல்லாம் குளுகுளுவென்று தூங்க, மொட்டை மாடியில் நின்று வேகிறவன் நான். போனை எடுத்தால் "இன்னும் கிளம்பலையா?" என்பார்கள். எடுக்காவிட்டால் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அப்படி ஒரு கோபத்தோடுதான் அளவு அக்காவின் வீட்டுக்கு முதல் தடவை படியேறினேன். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தோளில் பத்துக் கிலோ பை. ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே ஏறினேன்.

அளவு அக்கா என்பது தெரு வைத்த பெயர். தையல்காரி. எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்கிற பழக்கம். கடையில் வாளி வாங்கப் போனாலும் டேப்பை விரித்துவிடுவார். அந்த டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். "டேப் இல்லாம வந்தா எனக்கே ஆள் அடையாளம் தெரியாது" என்று அவருடைய வீட்டுக்காரர் கேலி செய்வார். அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். இந்த உறவெல்லாம் பிறகு வந்தது. முதல் நாள் நான் அவருக்கு வெறும் ஏசிக்காரன்.

மாமா ஒரு சலவைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். பதின்மூன்று வருஷம் ஒழுங்காக இருந்த நீராவிக் குழாய் ஒரு நாள் வெடித்தது. நெஞ்சு, முதுகு, இரண்டு கை, எல்லாம் வெந்து போயின. தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டிப் பிழைக்க வைத்தார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் ஒட்டின தோலுக்கு வேர்க்கத் தெரியாது. நமக்கெல்லாம் வேர்த்து உடம்புச் சூடு இறங்குகிறது. அவருக்கு இறங்க வழியில்லை.

"ரூம் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் தம்பி" என்றார் அக்கா. "போன மாசம் ரெண்டு தடவை மயங்கி விழுந்தார். ரெண்டாவது தடவை நாலு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிப்பாரான்னு தெரியாதாம்."

நான் என் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தேழு காட்டியது. மேலே வெயில் நேராக விழும் கான்கிரீட், மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல். கோடை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

கீழே போய் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கட்டடத்துக்கு வருகிற கேபிள் பழசு. அது தாங்குகிற அளவுக்கு ஏற்கெனவே ஒன்பது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதையும் மாட்டியவன் நான். கடைசி ஒன்றை, அக்காவுக்கு நேர் கீழ்வீட்டில், அதற்கு முந்தின வாரம்தான் மாட்டியிருந்தேன். மின்வாரியத்துக்குப் போன் போட்டேன், கேபிளை மாற்ற மனுப் போட்டால் மழைக்காலத்தில் வருவதாகச் சொன்னார்கள். மழைக்காலத்தில் யாருக்கு வேண்டும்.

மறுபடி நாலு மாடி ஏறி விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை யாரையும் திட்டத் தோன்றவில்லை. அழுவார், இல்லை சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அக்கா டேப்பின் நுனியைச் சுருட்டியபடி கேட்டார்.

"ஏசி என்னதான் செய்யுது தம்பி?"

"உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய போடும் அக்கா."

"சூடு உள்ளயே வராம பாத்துக்கிட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன, வீட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றேன். கேலியாகச் சொன்னதுதான். அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அளவெடுக்க வந்து நிற்கிற ஆளைப் பார்ப்பது போல.

ஒரு வாரம் மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு வேலை வந்ததும் எட்டிப் பார்த்தேன். வீடு முழுக்கத் தையல் சாக்பீஸ் கோடுகள். தரையில், சுவரில், அலமாரிக் கதவில். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு நேரம். வெயில் எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு நுழைகிறது, எது வரை நீள்கிறது, எப்போது வெளியேறுகிறது என்று அரை மணிக்கு ஒரு தடவை அளந்து வைத்திருந்தார். வெயில் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் மறைகிற நேரத்துக்கு, கிழக்குச் சுவரின் கடைசிக் கோட்டில் "4.40 கிளம்புது" என்று எழுதியிருந்தது, விருந்தாளியைப் பற்றி எழுதினாற்போல.

"ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு அளவு இருக்கே அக்கா?"

"ரெண்டு தடவை எடுக்கணும் தம்பி. ரெண்டுக்கும் ஒரு நூலாவது வித்தியாசம் வரும், அளவு கொடுக்கற ஆள் மூச்சு விடுறாங்கல்ல. ரெண்டும் அச்சா ஒண்ணா வந்துச்சுன்னா, ரெண்டாவதைப் பார்க்காம எழுதிட்டோம்னு அர்த்தம். என்கிட்ட வேலை கத்துக்க வந்தவங்க எல்லாரையும் அப்படித்தான் பிடிப்பேன்."

சட்டையும் தயாராக இருந்தது. மேற்கு ஜன்னலுக்குக் கனத்த திரை. உள்ளே லைனிங், லைனிங்குக்கும் உள்ளே இன்னொரு லைனிங், பொட்டு வெளிச்சம் வராது. தையலில் குறை சொல்ல முடியாது. தெர்மாமீட்டரை வைத்தேன். முப்பத்தெட்டு. முன்பை விட ஒரு டிகிரி கூட. அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

நான் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டேன், சுட்டது. "வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தாச்சு அக்கா. வந்ததுக்கு அப்புறம் திரை போட்டு என்ன? திரை காயுது, அந்தச் சூடு வீட்டுக்குள்ளதான் இறங்குது."

மாமா கட்டிலில் இருந்தபடி சிரித்தார். "முப்பது வருஷமா லைனிங்கை உள்பக்கம் வெச்சே பழகின கை மச்சான். வேற எங்க வெக்கும்?" அன்றைக்குத்தான் என்னை முதலில் மச்சான் என்றார்.

அக்கா கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "சட்டையை உள்வெளியா மாத்திப் போட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று மாலையே திரை வெளியே போய்விட்டது. அதுவும் ஒட்டி அல்ல, ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி, சாய்வாக. ஏன் தள்ளி என்று கேட்டேன். "ஒட்டித் தைச்சா புழுங்கும் தம்பி. வெயில் காலத்துக்கு லூஸ் விட்டுத்தான் தைக்கணும்." நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷம் படித்ததை இந்த அம்மா ஜாக்கெட்டிலிருந்து எடுத்துச் சொல்கிறார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

பிறகு மொட்டை மாடி. கடைகளில் தூக்கிப் போடுகிற வெள்ளை மாவுச் சாக்குகளைச் சேர்த்து, துவைத்து, பிரித்து, ஒரே விரிப்பாகத் தைத்தார். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்ட என் பழைய ஏசி ஸ்டாண்டுகளைக் கொடுத்தேன். அவர் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே அது நின்றது. தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு சட்டை, மூடிக்குத் தொப்பி வைத்து. நான் அதைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தேன். மறுநாள் தொட்டித் தண்ணீரில் கை வைத்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. மற்ற கட்டடங்களில் மதியம் குழாயைத் திறந்தால் டீ போடலாம். இங்கே கை சில்லென்று இருந்தது.

வீட்டுக்குள்ளும் வேட்டை தொடங்கியது. இஸ்திரியும் சமையலும் விடியற்காலை ஐந்தரைக்குள் முடிந்துவிடும். இரவில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கும், எட்டு மணி வெயிலுக்கு முன் எல்லாவற்றையும் மூடிவிடுவார். தையல் மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடி காலால் மிதித்தார். ஃப்ரிட்ஜின் பின்னால் கை வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள அடுப்பை வெச்சுக்கிட்டு நான் ஜன்னலோட மல்லுக்கட்டறேன்" என்று அதை வாசலுக்கு வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்தார். கீழ்வீட்டுக்காரி அதில் தன் குழந்தையின் பால் புட்டியை வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

நான் ஒரு நாள் வாய்த் துடுக்காகச் சொன்னேன். "மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் பல்பு அக்கா. இப்ப நான் வந்து நிக்கறதால உங்க ரூமுக்கு நூறு வாட் கூடியாச்சு." அடுத்த நாளிலிருந்து அக்காவின் வாடிக்கையாளர்கள் வாசலுக்கு வெளியே, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று அளவு கொடுத்தார்கள். எனக்கும் அங்கேதான் டீ வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆனால் அந்த அறை கோடை நடுவில், வெளியே நாற்பத்திரண்டு அடிக்கும்போது, முப்பதரையில் நின்றது. ஒரே ஒரு மின்விசிறி. நான் மூன்று தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கீழே போய் மீட்டர்களைப் பார்த்தேன். ஒன்பது வீட்டு மீட்டரும் விழுந்தடித்துக்கொண்டு ஓட, அக்காவுடையது மட்டும் யோசித்து யோசித்து நகர்ந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்தப் பெட்டி முன்னால் கைகட்டி நின்றேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, நின்றேன்.

பிறகு அந்த நாள் வந்தது. வெளியே நாற்பத்து நாலு. மதியம் ஒரு மணிக்கு எங்கள் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து போனது. தெருவில் ஒரு ஏசி விடாமல் எல்லாம் ஒன்றாக ஓடினால் அது என்ன செய்யும். அந்த ஏசிகளில் பாதி நான் மாட்டியவை. ஊருக்கு வெளியே வேலையில் இருந்த எனக்குச் சேதி மூன்று மணிக்குத்தான் வந்தது, உடனே மாமாவின் ஞாபகம்தான் வந்தது. மின்விசிறியும் நின்றிருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஏசிக்காகச் சந்து பொந்தெல்லாம் அடைத்த வீடுகளில் காற்றே நுழையவில்லை, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். எல்லாரும் மேலே எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது மாடி ஏறும்போது மேலே கதவுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "முப்பத்தொண்ணு புள்ளி ஆறு." படியில் இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

அக்கா வீட்டு வாசலில், நின்றுபோன ஃப்ரிட்ஜில் சாய்ந்து கீழ்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். வேர்வையில் குளித்திருந்தாள்.

"குழந்தை எங்கம்மா?"

"உள்ள அண்ணா. கட்டடத்துல இருக்கற சின்னக் குழந்தைங்க ஏழு பேரும் உள்ள. அக்காதான் கூப்பிட்டு வெச்சாங்க. பெரியவங்க யாரும் வரக் கூடாதுன்னுட்டாங்க, நாம எல்லாம் நூறு வாட்டாமே."

"அப்ப உள்ள மாமாவும் அக்காவும் மட்டும்தானா?"

"அக்கா எங்க இருக்காங்க. ஆறு குழந்தைக்குத்தான் தாங்கும்னு கணக்குப் போட்டாங்க. ஏழாவதா என்னோடது வந்துச்சு. அவங்க எழுந்து வெளிய வந்துட்டாங்க. மாடியில நின்னு துணியை நனைக்கறாங்க. அவங்களுக்குக் கேட்கணும்னுதான் மாமா அப்பப்ப டிகிரியைச் சத்தமா சொல்றார்."

 தான் தைத்த வீட்டிலிருந்து, தன் உடம்புச் சூட்டைக் கணக்கில் கழித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறார் அந்த மனுஷி. நாற்பத்து நாலு டிகிரி வெயிலுக்கு.

மாடிக்கு ஓடினேன். தொட்டியிலிருந்து வாளியில் பிடித்து, விரிப்பின் மேல் சின்னக் குவளையால் ஊற்றிக்கொண்டிருந்தார். கழுத்து டேப்பில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டிருந்தார். தொட்டிக்குள் விட்டு எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்க்கத்தான். பம்பும் ஓடாதே. நாலு நாற்பதுக்கு வெயில் இறங்கும் வரைக்கும் இந்தத் தண்ணீர்தான்.

"வந்தியா தம்பி. ஒரு நிமிஷம் மட்டும் உள்ள போய் அவர் முகத்தைப் பார்த்துட்டு வா. முகம் சிவந்திருக்கான்னு சொல்லு, போதும்."

கீழே இறங்கினேன். இறங்கும்போது குரல் வந்தது. "முப்பத்தொண்ணு புள்ளி ஒன்பது." மணி மூன்றரை. நான் கதவைத் தட்டாமல் கொஞ்சம் திறந்து நுழைந்து மூடினேன்.

மங்கலான அறை. தரையில் ஈரத் துணி விரித்து ஏழு குழந்தைகளும் படுத்திருந்தன. இரண்டு தூங்கின, ஒன்று விரல் சப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தது. மாமா நாற்காலியில், ஈரச் சட்டையோடு. முகம் செங்கல் நிறம். நான் என் தெர்மாமீட்டரை எடுத்தேன். முப்பத்திரண்டு புள்ளி ஐந்து.

"மாமா" என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். அடுத்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "முப்பத்தொண்ணு புள்ளி ஒன்பது."

"என்ன மாமா இது. தாண்டியாச்சு."

"சும்மா இரு மச்சான். உண்மையைச் சொன்னா அவ ஓடி வந்து புள்ளைங்களை வெளிய எடுத்துருவா. எனக்காக எடுப்பா. படிக்கட்டு நாற்பது இருக்கும், அதுல அந்தப் பால் குடிக்கறது என்ன ஆகும்?" மூச்சு வாங்கினார். "இந்த உடம்பு ஒரு தடவை வெந்திருக்கு. எதுவரைக்கும் தாங்கும்னு எனக்குத் தெரியும்."

தெரியாது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கத்த வேண்டும் போலிருந்தது, குழந்தைகள் தூங்கின. அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது, இந்தக் கட்டடத்தில் இதைவிடக் குளிர்ந்த இடம் வேறு கிடையாது. நான் வெளியே வந்தேன்.  அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

சொல்லத் தேவையிருக்கவில்லை. அக்கா குவளையைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார்.

"தாண்டிருச்சா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவையும் புள்ளி ஒன்பதுன்னே சொன்னார். நாள் பூரா ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும், ஒண்ணா வந்ததே இல்ல. அவர் பார்க்காம சொல்றார் தம்பி." குரல் உடைந்தது. "எவ்வளவு?"

"புள்ளி அஞ்சு. முப்பத்திரண்டு புள்ளி அஞ்சு."

அக்கா தொட்டியைப் பார்த்தார், மாடிக் கதவைப் பார்த்தார். கீழே ஏழு குழந்தைகள், ஒரு புருஷன். யாரை வெளியே எடுப்பது என்று அந்த முகம் அளந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

"அக்கா, நிறுத்துங்க. விரிப்பு மேல ஊத்தாதீங்க. மேற்கு ஜன்னல் துணியில ஊத்தலாம், மிச்சம் பிடிக்காம. நனைஞ்ச துணி வழியா வர்ற காத்து சில்லுனு இருக்கும். ஜன்னலை ஒரு சாண் திறக்கணும்."

"பகல்லயா? இவ்வளவு நாளா மூடி மூடி வெச்சதை?"

"நீங்க லூஸ் விட்டுத் தைச்சிருக்கீங்க. அந்த இடைவெளியிலதான் காத்து இறங்கும். என் தொழில் மேல சத்தியம் அக்கா."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குவளையைத் தூக்கி எறிந்துவிட்டு வாளியை எடுத்தார். நான் மாடிக் கதவிலிருந்து படிக்கட்டைப் பார்த்து, கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, உள்ளே போய் ஜன்னலை ஒரு சாண் திறக்கச் சொல்லிக் கத்தினேன். அக்கா தண்ணீர் மொண்டு தர, நான் கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து ஊற்ற, வெளித் திரை முழுக்க நனைந்து கனத்துத் தொங்கியது. மேற்கிலிருந்து அனல் காற்று அதில் மோதியது. வாளிக்குப் பின் வாளி. தொட்டியின் அடிமண் தெரிந்தது.

பத்து நிமிஷம் ஆனது. குரல் வரவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் போனது. அக்கா வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்திரண்டு புள்ளி மூணு" என்று கீழிருந்து வந்தது.

படிக்கட்டில் சலசலப்பு எழுந்தது, யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். கோட்டைத் தாண்டிய எண் அல்லவா. அக்கா மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இப்பதான் பார்த்துச் சொல்றார்" என்றார்.

அதன்பின் முப்பத்திரண்டு. பிறகு முப்பத்தொன்று புள்ளி ஆறு. ஒரு தடவை ஏறி புள்ளி எட்டு, மறுபடி இறங்கி புள்ளி மூன்று. அந்தக் கோணல்மாணல் எண்களை ஒவ்வொன்றாக நானும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டேன். நாலு நாற்பதுக்கு வெயில் அக்கா கோடு போட்ட இடத்திலிருந்து கிளம்பிவிட்டது. ஐந்தரைக்குக் குழந்தைகளை ஒவ்வொன்றாக அம்மாக்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், சின்ன அளவிலிருந்து பெரிய அளவு வரை.

நாங்கள் இறங்கி வந்தபோது மாமா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார், முகம் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அக்கா அவர் நெற்றியில் கையை வைத்தார். எடுத்தார். இரண்டாவது தடவை வைத்தார்.

நான் பழக்கதோஷத்தில் வாசலுக்கு வெளியே, ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே நின்றேன்.

"அங்க என்ன மச்சான் பண்றே" என்றார் மாமா. "உள்ள வா. இப்ப நூறு வாட்டுக்கு இடம் இருக்கு."